வீடு உனக்கு, மற்றதெல்லாம் எனக்கு: இந்தப் பாகம் சரியா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள் சகோதரி. உங்களுக்கு வயது 42, மகளுக்கு 11. தனியார் பள்ளியில் ஆசிரியை, கைக்கு வருவது 45,000. கணவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் சம்பளம். பதினான்கு மாதமாகத் தனித்தனியாக இருக்கிறீர்கள். இருவரும் சம்மதித்தே பிரிகிறீர்கள். புதுச்சேரி ரெயின்போ நகர் பக்கம் இருவர் பெயரிலும் ஒரு வீடு. 2013-இல் 55 லட்சத்துக்கு வாங்கியது, இன்று ஒன்றரைக் கோடி போகும் என்கிறார்கள். அதன் மேல் டாப்-அப் எல்லாம் சேர்த்து 30 லட்சம் கடன், இன்னும் பத்து வருடம். கணவர் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் 60 லட்சம், எஃப்டி 25 லட்சம், கடலூரில் 35 லட்சம் மதிப்பில் ஒரு மனை. "வீட்டைக் கடனோடு நீ எடுத்துக்கொள், மற்றதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆளுக்கு ஒரு கோடியே இருபது லட்சம், கணக்கு தீர்ந்தது" என்கிறார் அவர். இது சமமா என்று கேட்கிறீர்கள்.

தாளில் சமம்தான். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் "மகளை அந்த வீட்டிலிருந்து கிளப்ப மனசு வரவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: அந்த வீட்டை வைத்துக்கொண்டு உங்களால் வாழ முடியுமா? நான் புதுச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். வக்கீல் இல்லை. பிள்ளை யாரிடம் இருப்பது, கோர்ட்டில் எதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் என் வேலை இல்லை. பணக்கணக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம். விவாகரத்து என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று இந்து திருமணச் சட்டத்தில் எங்கும் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது; இருவர் பெயரில் இருந்தால் இருவருடையது. அதற்கு மேல் நிரந்தர ஜீவனாம்சம் என்று நீதிமன்றம் தரச் சொல்லலாம். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. வருமானம், வயது, எத்தனை வருட மணவாழ்க்கை, குழந்தை, மனைவியின் சம்பளம் எல்லாம் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். "இவ்வளவு நிச்சயம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது தொகை சொன்னால் நம்பாதீர்கள். ஆக, உங்கள் கணவர் பாதிக்குப் பாதி பேச முன்வந்திருப்பதே குறைவான விஷயம் இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ளாமல், எந்தப் பாதி என்பதை மட்டும் மாற்றிப் பேசுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஏன் மாற்றவேண்டும்? 30 லட்சம் கடன், பத்து வருடம், எட்டரை சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 37,200 வரும். உங்கள் சம்பளத்தில் மீதி 7,800. அதில் அரிசி, பருப்பு, கரண்ட் பில், மகளின் வேன் கட்டணம். முடியாது. கணவர் மாதாமாதம் தரும் பணத்தில் தவணை கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அவர் ஒரு மாதம் தாமதித்தாலும் உங்கள் கூரை ஆட ஆரம்பிக்கும். அப்புறம் வீடு சும்மா நிற்காது. சொத்து வரி, மோட்டார், கடல் உப்புக்காற்றில் மூன்று வருடத்துக்கொரு முறை துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பி, பெயிண்ட். வாடகைக்கு விட்டாலும் நம் ஊரில் இவ்வளவு விலையுள்ள வீட்டுக்கு வருட வாடகை விலையில் இரண்டு, இரண்டரை சதவீதம் தேறினால் அதிகம். மாதம் முப்பதாயிரம் வந்தால் நல்லது. தவணைக்கே போதாது.

ஒன்றரைக் கோடி என்பது யார் சொன்ன விலை? புரோக்கர் வாய்ச்சொல் என்றால், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை வைத்து எழுத்தில் வாங்குங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. வாங்க வருகிறவர் முதலில் "இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் வந்தது" என்றுதான் கேட்பார். உங்கள் வீட்டுத் தரைத்தளத்துக்குள் வந்திருந்தால் அது விலையில் தெரியும்.

விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியையும் பார்க்கவேண்டும். கணவர் தன் பாதியை உங்களுக்கு எழுதிக்கொடுத்தால் அப்போது வரி இல்லை. ஆனால் பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது பழைய 55 லட்சம்தான் அசல் விலை. 95 லட்சம் லாபத்துக்கு பன்னிரண்டரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 12 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் பணவீக்கச் சரிக்கட்டலோடு இருபது சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்குப் பார்க்கலாம்; அதிலும் 11 லட்சத்தை ஒட்டியே வரும். வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, அது வேறு விஷயம். ஃபண்டுக்குள்ளும் வரி இருக்கிறது. 60 லட்சத்தில் போட்ட முதல் 35 லட்சம் என்று வைத்தால், பங்குச் சந்தை ஃபண்டுகளுக்கு ஒன்றேகால் லட்சம் விலக்கு போக மீதிக்குப் பன்னிரண்டரை சதவீதம், சுமார் 3 லட்சம். எஃப்டியில் அசலுக்கு வரியே இல்லை. ஆக, மனைக்குள் இருக்கும் வரியை விட்டுப் பார்த்தால், அவருடைய ஒரு கோடியே இருபது உங்களுடையதைவிட எட்டு, ஒன்பது லட்சம் கனமானது. அதைவிட, அவருடையதில் 85 லட்சத்தை ஒரு வாரத்தில் பணமாக்கலாம். உங்களுடையதில் ஒரு ஜன்னலைக் கழற்றி விற்க முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படியே திருப்பிக் கேட்பேன். வீட்டைக் கடனோடு அவர் எடுத்துக்கொள்ளட்டும். அவர் சம்பளம் தவணையைத் தாங்கும். ஃபண்ட், எஃப்டி, கடலூர் மனை உங்களுக்கு. 85 லட்சத்தில் 15 லட்சத்தை மகள் படிப்புக்கும், 10 லட்சத்தை அவசரத்துக்கும் ஒதுக்கி, மீதி 60 லட்சத்தை எஃப்டியில் போட்டால் ஏழு சதவீதத்தில் மாதம் 35,000 வரும். ஆனால் அத்தனையையும் செலவழிக்கக் கூடாது. விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் இரட்டிப்பாகும். வட்டி முழுவதையும் தின்றால் முதல் எண்ணில் அப்படியே நிற்கும், மதிப்பில் கரையும். மாதம் 20,000 மட்டும் எடுங்கள், மீதி முதலோடு சேரட்டும். இருபதாயிரத்தில் லாஸ்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்குக் கிடைக்கும், மகளின் பள்ளியும் மாறவேண்டாம். சம்பளம் முழுதும் குடும்பத்துக்கு. இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வழி, வீட்டை விற்று, கடனை அடைத்து, மீதியையும் மற்றதையும் பிரிப்பது. மகளுக்கு அந்த வீடு பிடிக்கும், தெரியும். பதினொரு வயதுப் பிள்ளை வீடு மாறுவதைத் தாங்கிக்கொள்ளும் என்று நான் சொன்னால் அது ஆடிட்டர் பேச்சாகிவிடும், அந்த முடிவு உங்களுடையது. கணக்கு மட்டும் இதுதான்.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் இடம்: தேதிகள். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்திருக்கவேண்டும், அது உங்களுக்கு ஆகிவிட்டது. முதல் மனு, அப்புறம் ஆறு மாதம் கழித்து இரண்டாவது கட்டம். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது கட்டம் முடிந்து தீர்ப்பு வரும்வரை சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. தீர்ப்பு வந்த மறுநாள் அந்நியர்கள். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்கு விலை உண்டு. கடலூர் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்நாட்டுப் பதிவுத்துறைக்குக் கீழ் வருவது, புதுச்சேரி விதி அங்கே செல்லாது. கணவன் மனைவிக்கு செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் எழுதிக்கொடுக்கும் பத்திரம், எழுதினால் 2023 ஜூலை முதல் முத்திரைத்தாள் ஒரு சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சம் 10,000. வழிகாட்டி மதிப்பு 35 லட்சமே என்றாலும் மொத்தம் 45,000-இல் முடியும். தீர்ப்புக்குப் பிறகு கிரயமாக எழுதினால் ஏழும் இரண்டும் ஒன்பது சதவீதம், மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம். வருமான வரியிலும் இதே கதைதான். கணவன் மனைவிக்குள் கொடுப்பது பரிசு, வாங்குபவருக்கு வரி இல்லை. விவாகரத்தானவர் "உறவினர்" பட்டியலில் இல்லை. (பிரிவு எண்களை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் எண்கள் எல்லாம் வேறு.)

அப்படியானால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாமே? இங்கேதான் சிக்கல். இரண்டாவது கட்டத்தில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எல்லாம் கொடுத்தபின் நீங்கள் பின்வாங்கினால் என்ன செய்வது என்று அவர் பயப்படுவார். எதுவும் வாங்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் பயப்படுவீர்கள். இரண்டு பயமும் நியாயம்தான். நடைமுறையில் வேலை செய்வது இதுதான்: யாருக்கு என்ன என்று முழு ஒப்பந்தத்தை முதல் மனுவோடு தாக்கல் செய்வது, எஃப்டி தொகையை அப்போதே கொடுத்துவிடுவது, மனை பத்திரத்தையும் டீமேட் மூலம் ஃபண்ட் யூனிட் மாற்றத்தையும் இரண்டாவது கட்டத்துக்கு முந்தின வாரத்தில் முடிப்பது, கடைசித் தொகை ஏதாவது இருந்தால் அதற்கான டிடியை நீதிபதி முன்னால் கைமாற்றுவது. வீட்டில் உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரமும் அதே வாரத்தில். பத்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் என்றால் இன்னும் நல்லது.

சமரச ஒப்பந்தத்தில் சொத்தை எழுதிவிட்டால் தனியாகப் பதிவு வேண்டாமே என்று சில டாக்குமெண்ட் ரைட்டர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பதிவு தேவையில்லை என்பது பொது விதி. ஆனால் சமரசத் தீர்ப்பில், வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்து உள்ளே வந்தால் அதற்குப் பதிவு வேண்டும். எனவே வீடு, மனை இரண்டின் விவரத்தையும் மனுவிலேயே அட்டவணையாகச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு மேலும் தனிப் பத்திரம் போட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இதில் தெளிவில்லாத ஒரு இடமும் இருக்கிறது. வீட்டில் உங்கள் பாதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஃபண்டும் மனையும் வாங்குகிறீர்கள். பத்திரத்தில் "இதற்குப் பதில் அது" என்று விலைபோல எழுதினால், அது பரிசு இல்லை, விற்பனை, லாப வரி கட்டு என்று வருமான வரி அதிகாரி கேட்க இடமுண்டு. குடும்பத் தீர்வு என்று நாம் வாதிடலாம். எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பத்திரமும் தனித்தனியாக, அன்பினாலும் பிரியத்தினாலும் கொடுக்கும் செட்டில்மெண்டாக நிற்கட்டும். விவாகரத்துக்கு நடுவில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று எழுதுவது வேடிக்கைதான், பத்திர மொழி அப்படி.

மொத்தத் தொகையா, மாதாமாதமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே தடவையில் வரும் நிரந்தர ஜீவனாம்சம் மூலதன வரவு, வரி இல்லை என்பது 1980-களிலிருந்தே நிலைத்த கருத்து. மாதாமாதம் வருவதை உங்கள் வருமானமாகக் கணக்கிடுவார்கள். இதைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாத நிலையில், உங்கள் சம்பளத்தோடு மாதம் 25,000 சேர்ந்தாலும் வரி வராது. நான் மொத்தத் தொகையை விரும்புவது வரிக்காக இல்லை, மாதாமாதம் ஒருவர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காக.

மகளுக்கான பணம் இதோடு கலக்கவே கூடாது. அது அவள் உரிமை, நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாதது. ஒப்பந்தத்தில் "மாதம் 25,000" என்று மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்தும் அது 25,000தான். "வருடம் எட்டு சதவீதம் உயரும்" என்று ஐந்தாறு வார்த்தை சேர்த்தால் அவளுக்கு 21 வயதாகும்போது 54,000 கிட்டே நிற்கும். கல்லூரிக் கட்டணம் தனி என்றும் எழுதுங்கள். மகளுக்கு சுகன்யா சம்ருத்தி (செல்வமகள் சேமிப்பு) கணக்கு இருப்பதாகச் சொன்னீர்கள். வருட உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தையும் ஒவ்வொரு ஏப்ரலும் 5-ஆம் தேதிக்குள் அவர் போடவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டினால் அந்த மாத வட்டி போய்விடும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பணமெல்லாம் நின்றுபோகும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் தன் உயிர் மீது, மகளைப் பயனாளியாக வைத்து, 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி ஒரு டேர்ம் பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை அவருடைய கடன்காரர்களும் தொட முடியாது.

நகை விஷயத்தில் உங்கள் கணவர் பட்டியலைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. 60 பவுனை உங்கள் பக்கம் "கொடுத்தது" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் போட்டதும், கல்யாணத்தில் உங்களுக்கு வந்ததும் ஏற்கெனவே உங்களுடையது. சீதனம் மனைவியின் தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லும் சொன்னது, 2024-லும் சொன்னது. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். லாக்கர் இருவர் பெயரில் இருந்தால் இருவரும் சேர்ந்தே திறந்து, நகை மதிப்பீட்டாளரை வைத்து எடைபோட்டு, படம் எடுத்து, கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் நகையை ரூபாயில் எழுதாதீர்கள், கிராமில் எழுதுங்கள். தங்கம் ஏறும் வேகத்தில் ரூபாய்க் கணக்கு ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

கடனைப் பற்றி ஒரு அனுபவம். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு அம்மா, "வீட்டுக் கடனைக் கணவர் கட்டுவார்" என்று நீதிமன்றத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். அந்தக் கணவர் ஒன்றரை வருடம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார். வங்கி இந்த அம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது, சிபில் மதிப்பெண் சரிந்து மகன் படிப்புக்குக் கேட்ட கடன் மறுக்கப்பட்டது. ஒப்பந்தம் கணவன் மனைவி இருவரைக் கட்டும், வங்கியைக் கட்டாது. நான் அப்போது அந்த அம்மாவின் வருமான வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கடனில் அவர் பெயரும் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அதிலிருந்து முதலில் கேட்பது அதைத்தான். வீட்டை அவர் எடுத்துக்கொண்டால், உங்களைக் கடனிலிருந்து விடுவித்ததாக வங்கியின் கடிதம் கைக்கு வந்தபிறகு உங்கள் பங்கை எழுதிக்கொடுங்கள், முன்னால் வேண்டாம்.

கணவர் சொல்லும் சொத்துப் பட்டியல் முழுமையா என்று எப்படித் தெரியும்? ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் படிவத்தோடு உத்தரவிட்டது. சம்மத விவாகரத்தாக இருந்தாலும் அதே படிவத்தில் ஒன்று கேட்டு வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அவருடைய பிஎஃப், கம்பெனி பங்குகள், கிராஜுவிட்டி எதுவும் நீங்கள் அனுப்பிய பட்டியலில் காணோம்.

அவருக்கு பிரெஞ்சு குடியுரிமை இருப்பதாகவும், ஆறு வருடம் பாரிஸில் வேலை பார்த்ததாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வேறு, ரெனோன்சான் குடும்பம் என்பது வேறு. 1881 ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்களின் வழித்தோன்றல்கள் ரெனோன்சான்கள். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் கணவர் அந்த வழியா என்பதை மாமனார் வீட்டுப் பழைய பத்திரங்களை வைத்து வக்கீல் முதலில் தீர்மானிக்கட்டும். ஆம் என்றால் நான் மேலே சொன்ன "யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது" என்ற அடிப்படையே மாறலாம், அது என் படிப்புக்கு அப்பாற்பட்டது. சாதாரண பிரெஞ்சு குடிமகன் என்றாலும் இரண்டு விஷயம். பிரான்ஸில் அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் பட்டியலில் வரவேண்டும். பிரெஞ்சு ஓய்வூதியத் திட்டங்கள் சிலவற்றில், துணைவர் இறந்தபின் விவாகரத்தான மனைவிக்கும் மணவாழ்வுக் காலத்துக்கேற்ப ஒரு பங்கு உண்டு. சிலவற்றில் மறுமணம் செய்யாதிருக்கவேண்டும். உங்கள் திருமணம் தூதரகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசியில் வழக்கமாக வரும் "இனி எக்காலத்திலும் எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீர்ப்புக்கு முன்பே உங்களுக்கும் மகளுக்கும் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். அவருடைய கம்பெனி பாலிசியில் நீங்கள் தீர்ப்போடு வெளியே. புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு மூன்று வருடம்வரை போகும், தைராய்டு மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓடத் தொடங்குவது நல்லது. உங்கள் பிஎஃப்பிலும் வங்கியிலும் நாமினி பெயரை மாற்றுங்கள். வக்கீல் கட்டணம் யோசனையாக இருந்தால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தில் விசாரியுங்கள். போகும்போது வீட்டுப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடன் கணக்கு விவரம், உங்கள் மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், அந்த 60 பவுன் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.